கூழ்ப் பாட்டுக்கு மெட்டு நான் போடவில்லை

மச்சான்,

கேசட் அட்டையை எதிரில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். உன் தகரப்பெட்டியின் பாச்சை உருண்டை வாசனை இன்னும் அதை விட்டுப் போகவில்லை. நீ கண்ணை மூடி மூன்றாம் வருஷம், போன ஆடியில், என் தங்கச்சி பெட்டியைத் துடைக்கும்போது இதை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். முன்பக்கம் அம்மன் படம். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் என் பெயர். அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. அந்த வரி மட்டும் உன் விரல் பட்டுப் பட்டு மங்கியிருக்கிறது.

விழுப்புரத்தில் கேசட் போட்டுக் கொடுத்தவர் அன்றைக்கு நம் இருவருக்கும் காட்டினார். "மேல இருக்கறது அண்ணன் பேரு. கீழ இருக்கறது உம் பேரு. சந்தோஷமா?" நமக்கு எழுத்து தெரியாது. சந்தோஷமாகத்தான் இருந்தோம். மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வந்து கை கழுவியதும் நீ இதைத்தான் எடுப்பாய். வீட்டுக்கு யார் வந்தாலும் விரல் வைத்து, "இதான் நானு" என்பாய்.

இப்போது எனக்குப் படிக்கத் தெரியும் மச்சான். எழுபத்தொரு வயசில் கற்றுக்கொண்டேன். தங்கச்சி எதிரிலேயே அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். "இதை நகல் எடுப்பது சட்டப்படி குற்றம்" என்று இருந்தது. அட்டையில் இடம் இல்லையோ, அந்த ஆள் மறந்துவிட்டாரோ, கேட்க அவரும் இல்லை.

"அவரு பேர முழுசா போட்டிருக்காங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"முழுசா போட்டிருக்குதும்மா" என்றேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். அங்கேதான் படித்தேன். நீ இருந்திருந்தால், "இன்னா மச்சான், கலெக்டரு ஆவப்போறியா" என்று கேட்டிருப்பாய். ஆகிவிடுவேன் போலத்தான் எனக்கும் இருந்தது. கிளியனூரிலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு பலகையை விடமாட்டேன். உர மூட்டை, தீப்பெட்டி, கல்யாண பேனர், எதுவும் என்னிடமிருந்து தப்பாது. நாலு எழுத்து சேர்ந்து ஒரு வார்த்தையாகும்போது, மெட்டுக்குள் சொல் போய் உட்காருமே, அதே சுகம்.

அந்தச் சுகத்தில் போய்த்தான் மாட்டிக்கொண்டேன். நீ கண்ணை மூடிய அதே வருஷம், இந்தக் கேசட்டில் இருக்கிற கூழ்ப் பாட்டு செல்போன்களில் பரவி, ஒரு நிருபர் என்னைத் தேடி வந்து, படத்தோடு பத்திரிகையில் போட்டார். அந்தத் தாளை மடித்து வைத்திருந்தேன். எடுத்துப் படித்தேன். முடிக்க நாலு நாள் ஆயிற்று. நான் முழுதாகப் படித்த முதல் செய்தி அது. கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது கூழ்ப் பாட்டின் மெட்டு எனக்குத் தோன்றியதாக அதில் இருந்தது. நிருபர் ஒன்றும் தப்பாக எழுதவில்லை. நான் சொன்னதைத்தான் எழுதியிருந்தார்.

நடந்தது உனக்குத் தெரியும். பதிவுக்குப் போகிற வழியில் பஸ் டயர் வெடித்தது. எட்டுப் பாட்டுக்கு என்னிடம் ஏழு மெட்டுதான் இருந்தது. நான் இருந்த ஏழையே திருப்பித் திருப்பிப் பாடிப் பார்த்தேன். நீயோ டோலக்கை மடியில் வைத்து, மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டே வாய்க்குள் ஏதோ முனகினாய்.

"இன்னாடா அது?"

"உன் தங்கச்சி கூழு கிண்டற சத்தம் மச்சான். துடுப்பு டக்கு டக்குன்னு வரும், கடைசில ஒரு இழு இழுக்கும் பாரு."

அடுத்த பஸ் வருவதற்குள் முழுப் பாட்டுக்கும் வழி சொல்லிவிட்டாய். நான் அதைப் பாடினேன். நான் செய்தது அவ்வளவுதான். நிருபர், மெட்டு எப்படித் தோன்றியது என்று கேட்டபோது தெருவே கூடி நின்றது. கேமரா எதிரில் இருந்தது. துடுப்புச் சத்தத்தைக் கேட்டு என்றேன். கேட்டது யாருடைய காது என்று சொல்லவில்லை.

திண்டிவனத்தில் நூலகத்தில் வேலை செய்கிற ஒரு அம்மா, இணையத்தில் இருக்கிற கலைக்களஞ்சியத்துக்கு இசையமைப்பாளர்களைப் பற்றி எழுதுகிறவர். சம்பளம் வாங்காமல் செய்கிற வேலை. என்னைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதியிருந்தார். கூழ்ப் பாட்டுக்கு மெட்டமைத்தவன் நான் என்று அதில் ஒரு வரி. ஆதாரம் என்று அடியில் அந்தப் பத்திரிகைச் செய்தி. அட்டையில் இல்லாத உன் பெயர் இங்கேயாவது ஏறிவிட்டால், தங்கச்சியிடம் சொன்ன பொய் பாதியாவது தீரும் என்று நினைத்துப் போனேன்.

"அத மாத்துங்கம்மா. மெட்டு எங்க மச்சான் போட்டது" என்றேன்.

"எதுல வந்திருக்குது ஐயா?"

"எதுலயும் வரல. நான் சொல்றேன்."

"நீங்க சொல்றத வெச்சு நான் போடக் கூடாதுங்க ஐயா. உயிரோட இருக்கறவங்களப் பத்தி எழுதறப்போ ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். உங்களுக்குச் சம்பந்தமில்லாத யாராவது விசாரிச்சு எழுதி, அது அச்சுல வந்திருக்கணும்."

"இன்னாம்மா பேஜாரு இது. பக்கத்துல உக்காந்திருந்தவன் நான் ஒருத்தன்தான். பாத்தவன் சொன்னா செல்லாது, பாக்காதவன் எழுதினா செல்லுமா?"

அவர் சிரித்தார். "அப்படி இருக்கறதாலதான் ஐயா, நாளைக்கு எவனோ ஒருத்தன் வந்து உங்க ஏழு பாட்டையும் தன்னுதுன்னு எழுதிட்டுப் போக முடியாது."

"பொய் சொன்னதும் நான்தானேம்மா. அத மட்டும் எப்படிப் போட்டீங்க?"

"அது அச்சுல வந்துடுச்சே ஐயா."

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்த விதி அநியாயமாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். நியாயமாக இருந்ததால் எழுந்து வரவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவரே பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார். ஒருவர் தன்னைப் பற்றித் தானே எழுதி வெளியிட்டால், அது தற்பெருமையாக இல்லாவிட்டால், அதை எடுத்துக்கொள்ளலாமாம்.

இரண்டு வரி எழுதினேன். மூன்று நாள் ஆயிற்று. விழுப்புரத்தில் ஒரு சின்னப் பத்திரிகையில் அப்படியே போட்டார்கள். முதல் வரி, கூழ்ப் பாட்டுக்கு மெட்டு நான் போடவில்லை என்பது. இரண்டாவது வரி, போட்டது என் மச்சான் என்பது. உன் பெயரை ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதியிருந்தேன். பத்திரிகையை எடுத்துக்கொண்டு மறுபடி திண்டிவனம் போனேன்.

அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். "மொத வரி உங்களப் பத்தினது, எடுத்துக்கறேன். ரெண்டாவது வரி இன்னொருத்தரப் பத்தினதாச்சே ஐயா. அவரு உங்க சொந்தக்காரரு வேற."

இப்போது அந்தப் பக்கத்தில், மெட்டு தம்முடையது அல்ல என்று இவர் பின்னர் தெரிவித்துள்ளார் என இருக்கிறது. என்னுடையது இல்லை என்று இருக்கிறது. உன்னுடையது என்று இல்லை.

நேற்று தங்கச்சி கூழுக்குக் கேப்பை மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையில் உன் பெயர் இல்லாததையும், நான் இருக்கிறது என்று சொன்னதையும், நிருபரிடம் உன்னை விட்டதையும். அவள் கை நிற்கவில்லை.

"ரேஷன் கார்டுல இருந்ததையும் அடிச்சிட்டாங்க. அப்ப எங்கதாண்ணா இருக்குது அவரு பேரு?"

மாவில் இருந்த ஒரு கட்டியை நசுக்கிவிட்டு அவளே கேட்டாள்.

"ஜனங்க இன்னா சொல்றாங்க?"

"டீக்கடையில, இன்னாயா, திருட்டுப் பாட்டு பாடித்தான் பேரு வாங்கினியான்னு கேக்கறாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"ஆமாண்டா, எங்க மச்சானுதுன்னேன்."

"பேர சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்ப அதையே சொல்லிக்கினு இரு" என்று மாவைப் பானையில் ஊற்றினாள்.

சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன் மச்சான். டீக்கடையில், பஸ்ஸில், பாட்டுக்காக என் கையைப் பிடிக்க வருகிறவர்களிடம், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் உன் பெயரைச் சொல்லி அனுப்புகிறேன். அவர்களில் நமக்கு உறவில்லாத ஒருவர், என்றைக்காவது உட்கார்ந்து விசாரித்து எழுத வேண்டும். கொஞ்சம் ஜல்தியாக வர வேண்டும். விசாரிக்க வந்தால் என்னைத்தான் கேட்க வேண்டும். எனக்குப் பிறகு, அன்றைக்கு அந்த பஸ்ஸில் உன் பக்கத்தில் இருந்தவர் யாரும் இல்லை.