உனக்கு நடந்ததை எழுது

நீ கம்ப்யூட்டர் கதிர்வீச்சில் செத்துப்போனாயாம். இன்று காலை ஆபீஸ் பஸ்ஸில் என் போனுக்கு வந்த ஃபார்வர்டு சொல்கிறது. "திருப்பதியில் பிரவுசிங் சென்டர் நடத்திய இளைஞர் திரை முன்னால் உட்கார்ந்தே மூளை வெந்து பலி. பிள்ளைகளைக் காப்பாற்ற உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்." பெயர் இல்லை. படம் மட்டும் உன்னுடையது. சித்தூரில் உங்கள் சர்ச் சபையார் இரங்கல் அட்டையில் போட்ட அதே படம், கோடுபோட்ட சட்டை.

நீ செத்தது டெங்குவில், ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து. நான் பக்கத்தில் இருந்தேன். அனுப்பியவன் என்னோடு வேலை பார்க்கிறவன், பி.டெக். உன்னை அவனுக்குத் தெரியாது. இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தான். எழுந்து போய்க் கத்தினேன். "பொய்யா இருந்தாலும் ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுதானே பாஸ்" என்றான். என் சீட்டுக்கே திரும்பி வந்தேன். இதே வாக்கியத்தை நான் உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

ஐ.டி. கம்பெனிகள் ஆட்களை வெளியே தள்ளிய வருஷம் அது. பெங்களூரில் நான் இருந்த எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் என்னையும் தள்ளினார்கள். குப்பம் பக்கத்தில் எங்கள் ஊருக்குப் போக முகம் இல்லை. அடுத்தவன் நிலத்தில் கூலிக்குப் போன நைனா அப்போதுதான் சொந்தமாக ஓர் ஏக்கரில் தக்காளி போட்டிருந்தார். 'பையன் பெங்களூர்ல இன்ஜினியர்' என்று மண்டியில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அதனால் திருப்பதிக்கு, சிநேகிதன் உன்னிடம் வந்தேன்; திருச்சானூர் ரோட்டில் உன் சென்டர். பின்னறையில் படுக்கை, மூலை சிஸ்டம் எனக்கு. நான்கு மாதம்.

அந்த நான்கு மாதமும் நான் வேலை தேடினேன் என்று சொன்னால் பொய். வேலை போனவர்கள் கூடிப் புலம்பும் ஒரு ஃபோரத்தில் கிடந்தேன். எந்தக் கம்பெனி மூடப்போகிறது, எவன் நடுத்தெருவில் நிற்கிறான், எவன் கல்யாணம் நின்றுபோனது. படிக்கப் படிக்கப் போதவில்லை. பொய்ப் பெயரில் நானும் எழுதினேன். நான் பார்க்காத கம்பெனியைப் பற்றி, எனக்குத் தெரியாத ஆட்களைப் பற்றி. கீழே நாற்பது பேர் 'ஆமாம் ஆமாம்' என்பார்கள். அதுதான் அன்றைக்கு எனக்குச் சம்பளம்.

உன் கவுண்டரில் ஒரு நோட்டு கிடந்தது. நாலு வரி எழுதினால் ஒரு பிரிண்ட் இலவசம். உங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று 'சாட்சி' சொல்வார்கள் இல்லையா, தனக்கு அந்த வாரம் நடந்ததை? அதிலிருந்து ஜெபத்தை மட்டும் எடுத்துவிட்டு நோட்டில் வைத்துக்கொண்டேன் என்பாய். குவைத்தில் இருக்கும் பெண்சாதி முதல் முறையாக ஈமெயில் அனுப்பினாள் என்று ஒரு ஆட்டோக்காரர் தெலுங்கு எழுத்தில் தமிழை எழுதியிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஊர் எரியுது, நீ நல்ல சேதி நோட்டு வெச்சிக்கினு இருக்கற" என்றேன்.

"நல்லதுதான் எழுதணும்னு எங்கடா போட்டிருக்கு? கெட்டதும் எழுது. உனக்கு நடந்திருந்தா எழுது. கேள்விப்பட்டத எழுதாத."

"அப்ப உலகத்துல நடக்கறது தெரிய வேணாமா?"

"தெரிஞ்சிக்கினு என்னா பண்ண? காலைலருந்து பயத்தத் துன்னுக்கினு இருக்கற. எழுந்து போய் ரெண்டு இட்லி துன்னு."

அப்போதுதான் தங்கச்சிக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் வந்தது. எந்தக் காலேஜ், எந்தப் பிரிவு என்று வரிசையாக வெப்பில் ஆப்ஷன் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் நெட் கிடையாது. நைனா அவளை உன் சென்டருக்கே கூட்டிவந்தார். அதற்காகவே பெங்களூரிலிருந்து இரண்டு நாள் லீவு போட்டு வந்திருப்பதாகச் சொன்னேன். அண்ணன் இன்ஜினியர், அவன் வைத்தால் சரியாக இருக்கும் என்று நைனா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவளும் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

நான் வைத்தேன். அவள் எட்டாம் வகுப்பிலிருந்து கேட்ட எலக்ட்ரானிக்ஸ் ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டர் இல்லை. முதல் நாள் ஃபோரத்தில் எவனோ எழுதியிருந்தான், இனி பத்து வருஷத்துக்கு இந்த இரண்டிலும் வேலையே கிடையாது என்று. சிவில், மெக்கானிக்கல் என்று கீழே கீழே தட்டிச் சேமித்துவிட்டு, பக்கத்து ஜன்னலில் ஃபோரத்துச் சண்டைக்குத் திரும்பிவிட்டேன். அவளிடம் காட்டவுமில்லை.

பிரிண்ட் எடுத்தவன் நீ. காகிதத்தைப் பார்த்தாய். கோபம் வந்தால் உனக்குத் தெலுங்குதான் வரும். "எவரி சதுவு ரா இதி?" யாருடைய படிப்பு இது என்று கேட்டாய், சென்டர் முழுக்கக் கேட்கும்படி.

"அவ நல்லதுக்குத்தான்…"

"உன் பயத்த அவ தலைல ஏத்தி வெச்சிருக்க. நீ எழுந்திரு."

கையைப் பிடித்து இழுத்தாய். நான் உன்னைத் தள்ளினேன். கீபோர்டு கீழே விழுந்தது. தங்கச்சி அழவில்லை. பிரிண்டை மேலிருந்து கீழே ஒரு முறை படித்துவிட்டு, "எலக்ட்ரானிக்ஸ் அவ்ளோ மோசமாண்ணா?" என்று கேட்டாள்.

மூன்று வருஷம் அந்த வேலையைச் செய்தவன் நான், அதைப் பற்றி அவளிடம் ஒரு வரியும் சொன்னதில்லை. ஆப்ஷனை மாற்ற மறுநாள் சாயங்காலம் வரை நேரம் இருந்தது. என் முன்னால் நோட்டைப் போட்டு, "எழுது. உனக்கு நடந்தது மட்டும்" என்றாய். உன்னைத் திட்டிக்கொண்டேதான் எழுதினேன். முதல் சர்க்யூட் போர்டில் கரண்ட் கொடுத்ததும் புகை வந்தது, இரண்டாவதில் மூன்று நாள் தவறைத் தேடியது, கடைசியில் அந்தச் சின்ன பச்சை விளக்கு எரிந்ததும் டீக்கடை வரை ஓடியது. நாலு வரியில் அடங்கவில்லை. ஒரு பக்கம் ஆயிற்று. வேலை போனதை மட்டும் எழுதவில்லை. நீ கவனித்தாய். நோட்டை எடுத்துத் தங்கச்சியிடம் நீட்டினாய்.

அவள் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். மறுநாள் தானே உட்கார்ந்து தானே வைத்தாள். எலக்ட்ரானிக்ஸ் கிடைத்தது.

இப்போது கடைசி வருஷம். போன ஞாயிறு கூப்பிட்டாள். "கேம்பஸுக்கு ஒரு கம்பெனிகூட வரலண்ணா. பசங்க எல்லாம் ஃபோன்ல என்னென்னமோ அனுப்பறாங்க. படிச்சா தூக்கம் வரல." காலம் கெட்டுவிட்டது, அப்போதே சிவில் எடுத்திருக்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. நிறுத்திக்கொண்டேன். எனக்கு நடந்தது என்ன? சொன்னேன்.

"நீ ஆப்ஷன் வெச்சப்ப எனக்கு வேலை இல்லம்மா. நாலு மாசம். நைனாவுக்குத் தெரியாது."

"தெரியும்ணா."

"என்னா தெரியும்?"

"சென்டர் பின்னாடி கொடியில உன் சட்ட எல்லாம் காஞ்சிக்கினு இருந்துச்சே. ரெண்டு நாள் லீவுல வந்தவனுக்கு ஏழு சட்டையான்னு நைனா சென்டர் அண்ணனாண்ட கேட்டாரு. அவன் வாயால சொல்ல ஒரு நாள் வரும், அதுவரைக்கும் கேக்காதீங்க மாமான்னு அந்த அண்ணன் சொல்லிட்டாரு. எனக்கும் அதே ஆர்டர்தான்."

நாலு வருஷமாக மூன்று பேரும் என்னை வைத்து நாடகம் போட்டிருக்கிறீர்கள். உன்னைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. இந்தக் கோபத்தை வேறு யாரிடமும் இறக்க முடியாது. என்னிடமே இருக்கட்டும்.

"சரி, அப்புறம் எப்படிக் கெடச்சுது, அதச் சொல்லு" என்றாள் தங்கச்சி. எத்தனை இன்டர்வியூவில் தோற்றேன், எந்தக் கேள்வியில் உளறினேன், கடைசியில் யார் எதைப் பார்த்து எடுத்தார் என்று ஒன்று விடாமல் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில் சிரித்தாள். இன்னும் முடியவில்லை, இந்த ஞாயிறும் கூப்பிடுகிறேன் என்றிருக்கிறேன்.