முகத்துவாரத்தில் கட்டிய வலை

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் வலியையும் சுகத்தோடு சேர்த்துக்கொள். அங்கே குளிர் குறைந்ததா?

மைனர் மாமா உனக்குப் போன் செய்து அழுதானாம், நீயும் உடனே விட்டுக்கொடுங்கம்மா, கூடப்பிறந்தவர்தானே என்று செய்தி அனுப்பிவிட்டாய். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு பஞ்சாயத்து பண்ணுவது சுலபம். நடந்ததைக் கேள். கடலில் கொழுத்த உள்ளம் மீன் முட்டையிட ஆற்றுக்குள் ஏறுகிற மாதம் இது, முகத்துவாரத்தில் யாரும் வலை போடக் கூடாது என்று படகுக்காரர்கள் எல்லோரும் கூடிப் பேசியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து, மீனையும் தாயையும் ஒப்பிட்டுக் கைதட்டல் வாங்கியவன் உன் மாமாதான். அடுத்த வாரமே கரைக்குக் கரை வலையை இழுத்துக் கட்டிவிட்டான்.

விடிந்ததும் நம் ஐஸ் கம்பெனி வாசலில் அவன் வண்டி. பெட்டி பெட்டியாக மீன், ஒவ்வொன்றும் வயிறு முட்ட முட்டையோடு. கூலிங்கிளாஸைக்கூடக் கழற்றாமல், குடிக்கத் தண்ணீர் கேட்பதுபோல ஐஸ் கேட்கிறான். எங்கே பிடித்தாய் என்றேன். ஆழ்கடலில் என்றான். ஆழ்கடலுக்குப் போனவன் சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. ஐஸ் கிடையாது என்றேன். உன் அப்பா வழக்கம்போல மோட்டார் ரூமுக்குள் போய் நின்றுகொண்டார். மாமா குரலை இறக்கி, "நமக்கு இல்லாம பின்ன யாருக்குக்கா அந்த மீனு?" என்றான். நான் ஐஸ் உடைக்கும் மெஷினை நிறுத்திவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வெயில் ஏற ஏறத் தெருவே மூக்கைப் பொத்தியது. வாங்க வந்த வியாபாரி செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அதற்கப்புறம் நடந்ததுதான் நான் எதிர்பாராதது. கல்யாணமான நாளிலிருந்து மச்சானை எதிர்த்து வாய் திறக்காத உன் அப்பா, கத்தியை எடுத்துக்கொண்டு நாலு படகுக்காரர்களோடு போய் அந்த வலையை அறுத்தெறிந்துவிட்டு வந்தார். கையில் ஒரு வெட்டு, ஆறிவிட்டது, பயப்படாதே.

மறுநாள் பாலத்தில் நின்று பார்த்தேன். தண்ணீருக்கடியில் வெள்ளி வெள்ளியாக, இழுப்பை எதிர்த்து மீன் கூட்டம் கூட்டமாக ஏறிக்கொண்டிருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி உன் மாமா, அவனுக்கும் கண் கலங்கியிருந்தது. ஒரு நொடி மனசு இளகிப் போனேன், என்ன இருந்தாலும் தம்பி என்று. "எவ்வளவு போகுது பாருக்கா, அத்தனையும் என் பெட்டியில இருக்க வேண்டியது" என்றான். இவனுக்குப் பதில் சொல்வது என் வாய்க்குக் கேவலம் என்று வந்துவிட்டேன்.

மறுபடி போன் செய்தால் மரியாதையாகப் பேசு, மாமாதானே. ஆனால் எனக்குச் சமாதானத் தூது அனுப்பாதே. பல் டாக்டரைப் பார்த்தேன் என்று போன வாரம் நீ சொன்னது பொய், குரலிலேயே தெரிந்தது. அந்த ரத்தம் உனக்கும் கொஞ்சம் ஓடுகிறது, ஜாக்கிரதையாக இரு. நோய் நொடி அண்டாமல், யாருக்கும் தலை குனியாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா