இடது பக்கத்துக் குழி

நேற்று மாடிப்படிக்குக் கீழே அடைந்து கிடந்த சாமான்களை வெளியே எடுத்துப் போட்டேன். மழைக்கு முன்னால் சுண்ணாம்பு அடிக்க வேண்டுமென்று வீட்டு ஓனர் சொல்லியிருந்தார். பழைய பாய், துருப்பிடித்த ஸ்டவ், அதற்கும் பின்னால் உங்களுடைய நீலக் கேன். மூடி இறுகிப் போயிருந்தது. முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு திருகினேன். திறந்ததும் அந்த வாசனை வந்தது. காய்ந்துபோன கடல். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே அறையில் நீங்கள் தொண்டையைச் செருமுவது போலக் கேட்டது. நீங்கள் போய் நாலு வருஷமாகிறது. இன்னும் அந்தச் சத்தத்துக்கு நான் திரும்பிப் பார்க்கிறேன்.

மில்லை மூடியபிறகு நீங்கள் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கப் போனீர்கள். பீச்சுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில், பிரான்சு பென்ஷன் வாங்கும் பெரியவர், எல்லோரும் முசியே என்று கூப்பிடுவார்களே, அவர் மகனோடு இருக்கப் பாரீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கண்ணாடித் தொட்டியை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு, நம் வீடு இருக்கும் ரெட்டியார்பாளையம் வரை நடந்தே வந்தீர்கள். வாசலிலேயே நான் சத்தம் போட்டேன்.

"இன்னாங்க இது? மனுசங்களுக்கே எடமில்ல."

"ஒரு மூலையில இருந்துட்டுப் போவுது செல்வி."

வாளியில் இரண்டு மீன்கள். விரல் நீளம்கூட இல்லை. பெரிய தலை, முட்டைக் கண், முகம் முழுக்க வாய். தவளைக்கும் மீனுக்கும் நடுவில் எதுவோ என்றிருந்தது எனக்கு. நீங்கள் அன்றைக்கு முழுவதும் மண் சலித்தீர்கள். நைசான மணல், உடைந்த கிளிஞ்சல், மிளகு அளவுக் கல், எல்லாவற்றையும் கடல் தண்ணீரில் அலசி, முக்கால் சாண் உயரத்துக்குக் கொட்டினீர்கள். "இதுங்களுக்கு மண்ணுதான் வீடு. ஆழம் பத்தலன்னா பயந்தே செத்துடும்" என்றீர்கள். ஆண் மீன் இடது பக்கம் தோண்டியது, பெண் வலது பக்கம். வாய் வாயாக மண்ணை அள்ளி வெளியே துப்பும். குழியின் வாயைச் சுற்றிக் கிளிஞ்சல்களைக் கொத்தனார் போலப் பொருத்தும். காலையில் பார்த்தால் நேற்று இங்கே இருந்த கிளிஞ்சல் அங்கே இருக்கும். ஆணுக்குக் குழிக்காரன் என்றும் பெண்ணுக்குக் குழிக்காரி என்றும் நம் அமுதா பேர் வைத்தாள்.

ஆனால் குழிக்குள் போனபின் முதல் இரண்டு வாரம் இரண்டுமே தலையைக் காட்டவில்லை. நீங்கள் மட்டும் தினமும் காலையிலும் சாயங்காலமும் எறாவைப் பொடியாக நறுக்கி, சிரிஞ்ச் முனையில் மெல்லிய டியூபைச் செருகி, குழி வாசலில் கொஞ்சமாக விட்டீர்கள். "உயிரோட இருக்குதான்னே தெரியல, யாருக்குப் போடறீங்க?" என்று கேட்டேன். "இருக்குதான்னு பாத்துட்டுப் போடக் கூடாது. இருக்குதுன்னு போடணும்" என்றீர்கள். மில்லில் முப்பது வருஷம் இயந்திரத்தோடு பேசிய மனிதர், வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அந்தக் கண்ணாடி முன்னால் மட்டும் குந்தி உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பீர்கள்.

நானும் மெல்ல அதற்குள் இழுபட்டேன். பெரிய மார்க்கெட்டில் எறா வாங்கும்போது ஐஸ் போடாததாகப் பார்த்துக் கேட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மொபெட்டில் பிள்ளைச்சாவடிக் கடற்கரைக்குப் போய், அங்கே மீன் பிடிக்கும் ஏழுமலையின் படகு அலை தாண்டிக் கொண்டுவந்த தெளிந்த தண்ணீரைக் கேனில் நிரப்பி வருவீர்கள். தொட்டியில் கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டு அதை ஊற்றுவோம். மே மாதக் கரண்ட் கட்டில் பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி மிதக்க விடுவோம். நீங்கள் கறாராகச் சொன்னது ஒன்றுதான். "மூடிய மட்டும் மறந்துடாத. சட்டுனு பயந்தா மேல எகிறும். வெளிய உழுந்தா அவ்ளோதான்."

அந்த வருஷம் ஆடி முடிகிற சமயம் குழிக்காரன் சாப்பிடுவதை நிறுத்தியது. தலையை நீட்டும், எறாத் துண்டு மூக்கில் இடிக்கும், திரும்பிக்கொள்ளும். கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. மூன்றாம் நாள் நீங்கள் வேலைக்கே போகவில்லை.

"துன்னலியேடி. வாயில இன்னாவோ இருக்குது. கட்டியா, புண்ணான்னு தெரியல."

நீங்களும் அப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. குழம்பில் காரம் குறைக்கச் சொன்னீர்கள். பிறகு மோர் சாதம் போதும் என்றீர்கள். பிறகு அதையும் பிசைந்து கூழாக்கி, ஒரு பக்கமாக ஒதுக்கி விழுங்கினீர்கள். பல் கூசுகிறது, உடம்புச் சூடு என்றீர்கள். மீன் கவலையில் சோறு இறங்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். கோபம்கூட வந்தது. ஒரு மீனுக்காக இப்படியா என்று.

அமுதாதான் காலேஜ் விட்டு வரும் வழியில் பிரவுசிங் சென்டரில் தேடி, இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து வந்தாள். நின்றபடியே படித்துத் தமிழில் சொன்னாள். "அப்பா, அதுக்கு ஒடம்பு சரியில்லாம இல்ல. ஆம்பள மீனு வாயில முட்டைய வச்சு அடகாக்குதாம். பொரிக்கிற வரைக்கும் சாப்பிடாதாம்."

நீங்கள் சிரித்தீர்கள். வாயை மூடிக்கொண்டே சிரித்தீர்கள். அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

அதன்பின் நாம் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வப்போது அது முட்டை உருண்டையைப் பாதி வெளியே தள்ளி, சுழற்றி, மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். நாளாக ஆக அந்த உருண்டையில் வெள்ளிப் புள்ளிகள் தெரிந்தன. எல்லாம் கண்கள். ஒரு வாய்க்குள்ளிருந்து நூறு கண்கள் என்னைப் பார்த்தன. எட்டாம் நாள் காலையில் வாய் காலி. குழிக்காரன் எறாவைப் பாய்ந்து கவ்வியது. பொரிந்த குஞ்சுகள் தண்ணீரோடு பில்டருக்குள் போயிருக்க வேண்டும், ஒன்றைக்கூட நாம் பார்க்கவில்லை. ஆனாலும் சந்தோஷத்தில் நான் கேசரி கிளறினேன். ஒரு உருண்டை எடுத்து உங்கள் வாயருகே கொண்டுபோனேன். நீங்கள் முகத்தைத் திருப்பினீர்கள்.

"வாயத் தொறங்க."

"வை, அப்புறம் துன்றேன்."

"தொறங்கன்னு சொல்றேன்."

இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்குத்தான் திறந்தது. உள்ளே, கன்னத்தில், வெள்ளையும் சிவப்புமாக ஒன்று. பஞ்சு மில்லில் பீடி பிடிக்கக் கூடாதென்று முப்பது வருஷம் புகையிலையை அடக்கி வைத்திருந்த அதே கன்னம்.

"எத்தினி நாளா?"

"மூணு மாசம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

நீங்கள் தொட்டி பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அந்த எட்டு நாளும் ஒரு மீனின் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அதற்கு ஒரு சாண் இந்தப் பக்கம் உங்கள் வாய் இருந்தது. அதை நான் பார்க்கவில்லை. இதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

அமுதா திரும்பவும் அதே பிரவுசிங் சென்டருக்குப் போனாள். இந்த முறை கையில் காகிதம் எதுவும் இல்லாமல் திரும்பி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று காலை, வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் அவசரமாக மீனுக்குப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். மூன்றாம் நாள் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது தொட்டியின் மூடி ஒரு பக்கம் விலகியிருந்தது. மேசைக்குப் பின்னால், சுவரோரம், குழிக்காரன் புளியம்பட்டை போலக் காய்ந்து கிடந்தது. கண் மட்டும் அப்படியே இருந்தது. செய்தித்தாளில் சுற்றி முருங்கை மரத்தடியில் புதைத்தேன். அமுதாவிடம்கூடச் சொல்லவில்லை.

தாடையில் ஒரு பக்கத்தை எடுத்தபிறகு உங்களால் பேச முடியவில்லை. அமுதாவின் பழைய சிலேட்டைக் கொடுத்தோம். மயக்கம் தெளிந்து நீங்கள் முதலில் எழுதியது, "மீன்?"

"நல்லா இருக்குதுங்க. ரெண்டும் துன்னுது" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் கட்டிலைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே போட்டோம். கையை நீட்டினால் தொடும் தூரம். வலது பக்கம் குழிக்காரி தலை நீட்டும். இடது பக்கம் யாருமில்லை. நீங்கள் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "நீங்க கண் அசந்தப்போ வெளிய வந்துச்சு. மருந்து நாத்தம் ஒத்துக்கல போலிருக்குது, உடனே உள்ள போயிடுது" என்றேன். உங்கள் மூக்கில் செருகிய டியூபில் சிரிஞ்சால் கஞ்சி விடுவேன். அதன்பின் தொட்டிப் பக்கம் நகர்ந்து, காலியான குழி வாசலில் எறா விடுவேன். அந்த எறாவைச் சாயங்காலம் உங்களுக்குத் தெரியாமல் உறிஞ்சி எடுத்துவிடுவேன். இல்லாவிட்டால் தண்ணீர் கெட்டுவிடும்.

நீங்கள் நம்ப வேண்டுமென்று இன்னொன்றும் செய்தேன். தினமும் விடியற்காலையில், நீங்கள் எழுவதற்கு முன்னால், ஒரு துடைப்பக்குச்சியை விட்டு அந்தக் குழியைச் சுற்றியிருந்த கிளிஞ்சல்களை நகர்த்தி வைத்தேன். ஒருநாள் தட்டைக் கிளிஞ்சலை நிமிர்த்தி வைப்பேன். ஒருநாள் இரண்டு கல்லை இடம் மாற்றுவேன். நீங்கள் கண் விழித்ததும் பார்ப்பீர்கள். சிலேட்டில், "வேலை செய்யுது" என்று எழுதிக் காட்டுவீர்கள்.

ஒருநாள் நான் அசந்து தூங்கிவிட்டேன். விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. பதறிப்போய்த் தொட்டியைப் பார்த்தேன். கிளிஞ்சல்கள் நகர்ந்திருந்தன. குழியின் வாயைச் சுற்றி வட்டமாக, நான் ஒருநாளும் வைக்கத் தெரியாத அழகில், குழிக்காரன் வைப்பது போலவே பொருந்தியிருந்தன. குழிக்காரி வலது பக்கம் அதன் குழியில்தான் இருந்தது. என் கையால் நானே புதைத்த மீன்.

பிறகு வெந்நீரில் துணி நனைத்து உங்கள் கையைத் துடைக்க எடுத்தேன். சட்டைக் கை முழங்கை வரை ஈரம். நகக்கண்ணில் மணல். நைசான, சலித்த மணல்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். சிலேட்டு உங்கள் மார்மேல்தான் இருந்தது. நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. நகத்தைச் சுத்தம் செய்துவிட்டுச் சட்டையை மாற்றினேன்.

அதற்கப்புறம் சில காலை நான் நகர்த்தினேன், சில காலை நீங்கள். பதினோரு நாள், செத்துப்போன ஒரு மீனுக்காக நாம் இரண்டு பேரும் முறை வைத்துக்கொண்டு கிளிஞ்சல் அடுக்கினோம். உங்களுக்கு எப்போது தெரிந்தது? முதல் நாளே தெரிந்திருக்குமோ? நான் உடைந்துவிடக் கூடாதென்று செய்தீர்களா, இல்லை அந்தக் குழி ஆள் இருக்கும் குழி போலவே தெரிய வேண்டுமென்று உங்களுக்கே ஆசையா? அன்று கேட்டிருந்தால் ஒரு வரி எழுதியிருப்பீர்கள். மூன்று மாசம் வாய்க்குள் ஒன்றை வைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்தீர்கள் என்று உங்கள்மேல் கோபப்பட்டேனே, நானும் அதையேதான் செய்தேன். அதனால் இப்போது சொல்லிவிடுகிறேன். மூடியை விலக்கி வைத்துவிட்டு வந்தது நான்தான்.

பன்னிரண்டாம் நாள் கிளிஞ்சல் நகரவில்லை. உங்களைத் தூக்கிப்போன மறுநாள் காலை, சொந்தக்காரர்கள் இன்னும் பாயில் படுத்துக் கிடக்க, நான் தொட்டி பக்கம் போனேன். இடது குழியின் கிளிஞ்சல்கள் மாறியிருந்தன. குழிக்குள்ளிருந்து மெல்ல ஒரு தலை எழுந்து என்னைப் பார்த்தது. நான் அலறிவிட்டேன். அமுதா ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அது குழிக்காரிம்மா. எடம் மாறி வந்திருக்குது, பாரு." ஆமாம், வலது பக்கத்துக் குழி காலியாக இருந்தது. ஆனாலும் அதன்பின் அந்த முகத்தை நேருக்கு நேர் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சாப்பாடு போட்டேன். மூடியைத் தினமும் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். அடுத்த கோடை வரை குழிக்காரி இருந்தது.

இப்போது தையல் கம்பெனிக்குப் போகிறேன். அமுதா கல்யாணமாகிக் கடலூரில் இருக்கிறாள். போன மாதம், பக்கத்து மெஷினில் உட்காரும் ராணி, மூன்று நாளாக டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள். கேட்டதற்கு, "ஒண்ணுமில்லக்கா, கன்னம் வலிக்குது, தானா சரியாயிடும்" என்றாள்.

நான் மெஷினை நிறுத்தினேன். "வாயத் தொற."

"இன்னாக்கா நீ, எல்லாரும் பாக்கறாங்க."

"தொறடி."

அரை நாள் லீவு சொல்லி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போதும் அவள் கையை நான் விடவில்லை. டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கடைவாய்ப் பல் முளைக்கிறது, அவ்வளவுதான் என்றார். பஸ் ஏறியதும் ராணி ஆரம்பித்தாள். "எல்லார் எதிர்லயும் மானத்த வாங்கிட்ட. அரை நாள் போச்சு. ஒரு பல்லுக்கு இப்படியாக்கா?" இறங்கும் வரைக்கும் அவள் திட்டிக்கொண்டே வந்தாள். எவ்வளவு பெரிதாக வாயைத் திறந்து திட்டினாள் தெரியுமா. நான் அந்த வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன்.