எங்கே இந்தச் சத்தம்?

மார்ச் 5, வியாழன்

சனிக்கிழமை வானொலி நிகழ்ச்சிக்கு இந்த வார வார்த்தை முடிவாகிவிட்டது: விடியல். பாட்டுக்குப் பஞ்சமில்லை. விடியலைப் பற்றி எழுதாத பாட்டாசிரியர் யார் இருக்கிறார்? நடுவில் போட வேண்டிய, சத்தங்களைக் கோத்த ஒலிச்சித்திரத்துக்குத்தான் சரக்கு இல்லை. என்னிடம் இருப்பது காக்கைச் சத்தமும் ஒரு மோட்டார் சைக்கிளும். அதையே எத்தனை தடவை போடுவது?

ஸ்டேஷன் மாஸ்டர் நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே போன் செய்துவிட்டார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்று, இரண்டு அறையில் இந்த இணைய வானொலியை நடத்துகிற மனிதருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. "உன் நிகழ்ச்சிக்குத்தாம்மா கூட்டம். பாட்டுக்காக இல்ல, அந்த விளையாட்டுக்காக" என்றார். பாராட்டா, குத்தலா? விளையாட்டு இவ்வளவுதான்: ஊரில் எங்கேயோ பதிவு செய்த சத்தத்தைப் போடுவேன், இடத்தைச் சொல்ல மாட்டேன். 'எங்கே இந்தச் சத்தம்?' என்று மட்டும் கேட்பேன். எங்கள் இணையப் பக்கத்தில் பதில்கள் வந்து குவியும். முதலில் சரியாகச் சொன்னவருக்கு ஒரு பச்சை டிக், மைக்கில் ஒரு பாராட்டு. அதற்கு இந்த அடிதடி.

சாயங்காலம் சின்னவளைப் பார்த்தேன். நெற்றிக் காயம் காய்ந்துவிட்டது. வாசல்படியில் அவள் தலையை மோதிய புருஷன் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருக்கிறானாம். கேஸ் சிலிண்டர் வண்டி ஓட்டுகிறவன், அவனுக்குத் தெரியாத சந்து எது? ஆனால் ரொட்டிக் கடை மாடியில் அவள் இருப்பது எனக்கும் கடைக்கார அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். என் தங்கை அங்கே பத்திரம்.

மார்ச் 6, வெள்ளி

ராத்திரி அவளோடு தங்கினேன். விடிகிற நேரத்தில் கீழே கடை திறந்தது. அடேயப்பா, என்ன சத்தம் அது. பாதியில் சிக்கிக் கிறீச்சிடும் ஷட்டர், அதைக் கடைக்கார அக்கா காலால் விடும் ஓர் உதை, மாவு பிசையும் இயந்திரம் ஒவ்வொரு சுற்றிலும் போடும் ஒரு 'டக்', தகரத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. ரெக்கார்டரை ஜன்னலில் வைத்துவிட்டேன்.

"அதை எதுக்குக்கா பிடிக்கிற?"

"சும்மா. நீ தூங்கு."

அப்புறம் மூன்று தும்மல் போட்டுவிட்டு, 'அப்பாடி' என்று திரும்பிப் படுத்தாள். குழந்தையிலிருந்து அப்படித்தான், ஒன்றோடு நிறுத்தத் தெரியாது. தும்மலைப் பிறகு வெட்டி எடுத்துத் தனியாக வைத்தேன்.

இதைப் போடலாமா? எல்லா ரொட்டிக் கடையும் இப்படித்தானே கத்தும். யாருக்குத் தெரியப் போகிறது?

மார்ச் 7, சனி

ஆஸ்பத்திரி. உயிர் இருக்கிறது. என்னால்தான். எல்லாம் என்னால்.

மார்ச் 8, ஞாயிறு

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

ஒலிச்சித்திரம் முடிந்து அடுத்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பதில்கள் வந்தன. ரயில் நிலையம் என்றார் ஒருவர், பால் பண்ணை என்றார் இன்னொருவர். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது 'ஊர்சுற்றி' என்று ஒரு புதுப் பெயர்: 'பழைய தியேட்டர் பின்சந்து, ரொட்டிக் கடை. ஷட்டர் சிக்கும், காலால் உதைப்பாங்க.' ஆளுக்குப் பாம்புக் காது என்று எனக்குச் சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான். கை பழக்கத்தில் போய் டிக் போட்டது. போட்டதோடு விட்டேனா? பாட்டு முடிந்ததும் மைக்கைத் திறந்து, "ஊர்சுற்றி பிடிச்சுட்டார்" என்று ஊருக்கே சொன்னேன்.

சொல்லி வாயை மூடும்போதுதான் உறைத்தது. விடிகாலையில் அந்தச் சந்துக்குள் யார் போவார்கள்? சிலிண்டர் போடுகிறவன் போவான்.

டிக்கை அழித்தேன். அவளுக்குப் போன் செய்தேன், அடித்து அடித்து நின்றது. மைக்கைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினேன். கடைசியாக நான் நாற்காலியைத் தள்ளியதும் கதவு அறைந்ததும்தான் கேட்டதாம், அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே இல்லையாம், ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார்.

அவன் வண்டியிலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறான். சந்தேகம்தான் இருந்திருக்கிறது. நான் டிக் போட்டு உறுதி செய்து கொடுத்தேன். நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தடுக்கப் போன மாவு பிசைகிறவருக்கு மண்டையில் தையல். மாடியில் சிலிண்டர் ஸ்பேனரால் அவளை அடித்திருக்கிறான். இடது கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. பல் இரண்டு தரையில் கிடந்தன. அவள் அழவில்லை. வாய் நிறைய ரத்தம், அழ இடம் ஏது?

தெருக்காரர்கள் ஷட்டரை இறக்கிப் பூட்டியிருந்தார்கள், எனக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். வெளியே போக முடியாமல் அவன் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தான். ரொட்டி சுற்றும் காகிதத்தில் கையைத் துடைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"டிக்குக்கு ரொம்ப நன்றி அண்ணி."

அவன் முகத்தில் பாய்ந்தேன். கன்னத்துச் சதை என் நகத்தில் வந்தது. என்னைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் பிய்த்திருக்கலாம்.

மார்ச் 10, செவ்வாய்

காவல் நிலையம். "புருஷன் பொண்டாட்டி விஷயம். நாளைக்கே சேந்துக்குவாங்க, நடுவுல நாங்கதான் கோமாளி ஆவோம்" என்றார் எழுதுகிறவர். அவளுடைய பல்லைப் பொட்டலத்தில் கொண்டு போயிருந்தேன். மேசையில் கொட்டினேன். அப்புறம்தான் பேனாவை எடுத்தார்.

மார்ச் 17, செவ்வாய்

ஜாமீனில் வந்துவிட்டான். அவள் எங்கே இருந்தாலும் அந்தப் பக்கமே வரக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சொன்னால் போதுமா? அவள் இப்போது என்னோடு, அவனுக்குத் தெரியாத புது வாடகை வீட்டில். மாடிப்படியில் யார் ஏறினாலும் மேசைக்கு அடியில் போய் உட்காருகிறாள், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. பக்கத்து வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கு இன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

டிக் போட்டது நான்தான் என்று அவளிடம் சொன்னேன். "உனக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது" என்றாள். பல் போன இடத்தில் காற்று போனது. ரெண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

அவனைக் கொல்ல வேண்டும். இதைத் தினமும் நினைக்கிறேன். கண்ணாடிக் கடையில் வில்லையின் ஓரத்தைத் தீட்டும்போது மனதுக்குள் சாணைச் சக்கரத்தில் அவன் விரல்களை வைத்து அழுத்துகிறேன்.

மார்ச் 21, சனி

நிகழ்ச்சியை மறுபடியும் ஆரம்பித்தேன். வார்த்தை: காற்று. பாட்டு மட்டும், சத்தம் இல்லை, விளையாட்டு இல்லை. முடியும் நேரத்தில் இணையப் பக்கத்தில் ஒரு வரி: 'அடுத்த வார்த்தை என்ன அண்ணி?'

கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவளைத் தேடி என் குரலுக்குள் உட்கார்ந்திருக்கிறான்.

சரி. கேட்கட்டும்.

மார்ச் 24, செவ்வாய்

மேஸ்திரியைப் போய்ப் பார்த்தேன். சந்தைக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தலைவர். புதன்கிழமைதோறும் எங்கள் வானொலியில் அவர்கள் ஆட்கள் பாடுவதை அவர்தான் தொகுத்து வழங்குகிறார். மைக்கைக் கடிக்கிற மாதிரி பேசுவார், தங்கமான மனிதர்.

"அவன் கிடங்குக்குள்ள வந்தா கோர்ட் உத்தரவை மீறின மாதிரி. நாலு பேர் பாத்திருக்கணும், நான் ரெக்கார்ட் பண்ணிக்குவேன். போலீஸ் வர்ற வரைக்கும் பிடிச்சு வச்சுக்கிட்டா போதும்" என்றேன்.

"அவன் எதுக்கு இங்க வரப் போறான்?"

"தங்கச்சி இங்க இருக்கான்னு நெனச்சு வருவான்."

"நிஜமாவே இருக்கணுமே. இல்லன்னா எப்படி மீறினதாகும்?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. சனிக்கிழமை காலை மட்டும் அவளைக் கிடங்கு அலுவலக அறைக்குள் பூட்டி வைப்பது என்று முடிவாயிற்று. மருந்துக் கட்டு மாற்ற வேண்டும் என்று சொல்லி அழைத்துப் போவேன். அவளிடம் கேட்கலாமா? கேட்டால் வேண்டாம் என்பாள். அதனால் கேட்க மாட்டேன்.

மேஸ்திரி பீடியை அணைத்தார். "பிடிச்சு வச்சா மட்டும் போதுமா தாயி?" என்றார்.

மார்ச் 26, வியாழன்

வார்த்தை: தண்ணீர். கிடங்கில் ஆட்கள் குளிக்கும் தொட்டியைப் பதிவு செய்தேன். குழாய் கக்கிக் கக்கி நிற்பது, எடை மேடையின் சங்கிலி, வண்டி பின்னால் வரும் சத்தம். சிலிண்டர்காரனுக்கு இது போதும். தண்ணீருக்குப் பின்னால், மெதுவாக, சின்னவளின் மூன்று தும்மலை வைத்தேன். அப்புறம் 'அப்பாடி'. அளவு கச்சிதம். வேறு யார் காதிலும் விழாது.

நான் இதுவரை செய்ததிலேயே நல்ல ஒலிச்சித்திரம் இதுதான்.

மார்ச் 28, சனி

முழு நிகழ்ச்சியையும் முன்பே பதிவு செய்து கொடுத்திருந்தேன். அது ஓடும்போது நான் கிடங்கில், லாரி மறைவில், கையில் போனும் ரெக்கார்டருமாக நின்றேன். ஒலிச்சித்திரம் முடிந்தவுடனே வந்தது பதில்: 'சந்தைக் கிடங்கு தொட்டி. சரியா அண்ணி?'

டிக் போட்டேன்.

மூன்று பாட்டு முடிவதற்குள் வந்துவிட்டான். அதே ஸ்பேனர். அலுவலகக் கதவை உடைக்க ஆரம்பித்தான், உள்ளே அவள் அலறினாள். ஆட்கள் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து எழுந்தார்கள். முதல் அடி முழங்காலில். விழுந்தவனை இழுத்துத் தொட்டிக்குள் முக்கினார்கள், எடுத்தார்கள், முக்கினார்கள். மூட்டைக் கொக்கி தோளில் இறங்கியது. அவன் தாயைக் கூப்பிட்டான். ஸ்பேனரை யாரோ வாங்கி அவன் வலது கையைத் தொட்டிக் கரையில் வைத்து, திரும்பத் திரும்ப, கை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லாத வரை. தண்ணீர் சிவந்துவிட்டது.

நான் லாரியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். போலீசைக் கூப்பிட வேண்டும் என்ற நினைப்பே ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது.

மார்ச் 29, ஞாயிறு

அதே ஆள், அதே பேனா. "தொட்டியில வழுக்கி விழுந்துட்டான்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. அப்படித்தானேம்மா?" என்றார். "அப்படித்தான்" என்றேன். கதவை உடைத்ததை மட்டும் ரெக்கார்டரிலிருந்து வெட்டிக் கொடுத்தேன். வெட்டத்தான் எனக்குத் தெரியுமே. ஜாமீன் ரத்து. கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்களாம்.

நன்றாகத் தூங்கினேன். பொய் எதற்கு, நன்றாகத்தான் தூங்கினேன். சின்னவள் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

பதிவு முழுவதையும் ஹெட்போனில் கேட்டேன். ஏன் கேட்டேன்?

கதவு உடைகிறது, அவள் கத்துகிறாள், தண்ணீர். பிறகு மேஸ்திரியின் குரல்: "போதும்பா, செத்துடுவான். விடுங்க." அப்போது ரெக்கார்டருக்கு மிக அருகில் ஒரு பெண் குரல்: "விடாதீங்க. கைய. அந்தக் கைய அடிங்க." நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக, மைக்கில் பேசுகிற மாதிரி. கொஞ்சம் கழித்து, "இன்னும்."

கதவுக்கு வெளியே என்னைத் தவிர வேறு பெண் இல்லை. நான் பேசாமல்தானே நின்றேன். நின்றேனா?

ஏப்ரல் 2, வியாழன்

கடையிலிருந்து வந்தபோது சின்னவள் மேசையில் உட்கார்ந்திருந்தாள், ஹெட்போன் காதில். ஒற்றைக் கையால் ரெக்கார்டரைத் தேடிப் பிடித்திருக்கிறாள். தண்ணீர் ஒலிச்சித்திரத்தையும் கேட்டுவிட்டாள்.

"என் தும்மலைப் போட்டா அவனைக் கூப்பிட்ட?"

"உனக்காகத்தான்டி."

"அவனும் இதையேதான் சொல்லுவான். அடிச்சு முடிச்சுட்டு."

"அவனும் நானும் ஒண்ணா? என்னடி பேசற? அவன் உன் எலும்பை உடைச்சான், நான் அவன்–"

"நான் அந்த ரூமுக்குள்ள செத்துக்கிட்டு இருந்தேன்க்கா. கதவுக்கு அந்தப் பக்கம் அவன். நீதான் என்னை உள்ள வச்சுப் பூட்டின. அது உனக்குத் தோணவே இல்ல."

கத்தினேன். என்னென்னவோ கத்தினேன். கை ஓங்கிவிட்டது. அடிக்கவில்லை. ஓங்கினதும் அவள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு.

ஏப்ரல் 5, ஞாயிறு

போய்விட்டாள். ரொட்டிக் கடை அக்காதான் வேறு இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறார். எங்கே என்று கேட்டேன்.

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. மன்னிச்சுக்க."

என் சொந்தத் தங்கை. எனக்குத் தெரியக் கூடாதாம்.

ஏப்ரல் 11, சனி

நிகழ்ச்சிக்குப் போகவில்லை. விளையாட்டைத் தூக்கிவிடச் சொன்னேன். "கேக்கறவங்க கோவிச்சுக்குவாங்களேம்மா" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். கோபித்துக்கொள்ளட்டும். மேஸ்திரி புதன்கிழமை பாட்டுக்கு வருவதில்லையாம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

தெரியாத எண்ணிலிருந்து போன். எடுத்தால், அவள்.

"நல்லா இருக்கேன். கட்டுப் பிரிச்சாச்சு. பல்லு கட்டிக்கச் சொல்றாங்க, பாக்கலாம்" என்றாள். குரல் தெளிந்திருந்தது. யாரோ கூப்பிட்டதற்கு, "இதோ வரேன்" என்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். எவ்வளவு நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

அவளுக்குப் பின்னால் தையல் இயந்திரங்கள் ஓடின, நிறைய. தகரக் கூரையில் புறாக்கள் நடந்தன. அப்புறம் கம்பிக் கதவு வைத்த பழைய லிப்ட், இரண்டு தடவை இழுத்துச் சாத்தினால்தான் பூட்டும் கதவு. இந்த ஊரில் அப்படி ஒரு கட்டிடம்தான் இருக்கிறது. புறா அவ்வளவு பக்கத்தில் கேட்டால், மேல்மாடி.

"அக்கா? இருக்கியா? நான் பேசறது கேக்குதா?"

"இல்லடி" என்றேன். "ஒரே இரைச்சல். ஒண்ணுமே கேக்கல. அடுத்த தடவை வெளியில எங்கயாச்சும் போய் நின்னு பேசு."

வைத்துவிட்டேன்.