அகராதியில என்ர குடும்பம்

துபாய், செவ்வாய் இரவு.

நான் வேலை செய்யிற வீட்டுச் சீனப் பிள்ளை மெய், பின்னேரம் சீன அகராதியில சொல் தேடிப் பழகினாள். எழுத்துக்குள்ள இருக்கிற ஒரு துண்டுதான் அது எந்தக் குடும்பம் எண்டு சொல்லுமாம். தண்ணிச் சொல் எண்டால் ஓரத்தில மூண்டு புள்ளி. பெண்ணுக்கும் தனிப் பகுதி இருக்கு.

"அம்மா, அக்கா, தங்கச்சி எல்லாரும் இதுக்குள்ளதான். ஆயி, நீங்களும் இருக்கிறீங்கள்" எண்டாள். சீனத்தில ஆயி எண்டால் சின்னம்மாவாம். அப்பிடித்தான் என்னைக் கூப்பிடுறவள். மனசு குளிர்ந்து போச்சு.

அதே பகுதியில முதல் வரியில நிண்ட எழுத்து என்னெண்டு கேட்டன். "அடிமை" எண்டு வாசிச்சுப்போட்டு, "அப்பிடி எண்டால் ஆர்?" எண்டு தாயைக் கேட்டாள்.

மேடம் சிரிச்சா. "அது அந்தக் காலத்துச் சொல். இப்ப அப்பிடி ஒருத்தரும் இல்லை."

மேடம் நல்ல மனுசிதான். இதுவரைக்கும் என்னை அடிக்கக் கை நீட்டினதில்லை.

ஊரில பெரியபிள்ளையான மகளின்ர சாமத்திய வீட்டுக்கு லீவு கேக்க, காலமையில இருந்து நேரம் பாத்துக்கொண்டு நிண்டனான். என்ர பாஸ்போட் மேடத்தின்ர பூட்டின அலுமாரியில கிடக்கு. திறப்பும் அவவிட்டத்தான். அந்த நேரம் கேட்டிருந்தால், அந்தச் சொல்லுக்கு என்னையே ஆளாக் காட்டின மாதிரி இருந்திருக்கும்.

லீவு கேக்காமல் கோப்பை கழுவப் போயிட்டன்.