கொக்குக்கு ஏற்ற இருக்கை

மார்ச் 3, திங்கள்

கொக்கின் அப்பாவுக்கு,

இங்கே இருவரும் நலம். நேரில் பேசினால் நமக்குள் சண்டைதான் மிஞ்சுகிறது. அதனால் எழுதி உங்கள் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மகளை உங்கள் காரிலிருந்து இறக்கும்போது பார்த்தேன். பழைய குழந்தை இருக்கையைக் காணோம். மணைப்பலகை போல முதுகில்லாத ஒரு பூஸ்டர் சீட்டில் உட்காரவைத்து, பெரியவர்களுக்கான பெல்ட்டை மாட்டியிருந்தீர்கள். பழையது சிறிதாகிவிட்டது, உண்மைதான். ஆனால் நெடுநெடுவென்று வளர்ந்து நாம் கொக்கு என்று கூப்பிடும் இவள் பார்க்கத்தான் ஆறு வயதுக்காரி. வயது நாலு, எடை பதினைந்து கிலோகூட இல்லை. பதினெட்டுக் கிலோவாவது வேண்டும் என்று அந்த சீட்டின் அடியிலேயே ஒட்டியிருக்கிறது.

உயரமான முதுகும், தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொள்ளும் ஐந்து பட்டைகளும் உள்ளதாக ஒன்று வாங்குங்கள். அதுவரை உங்கள் காரில் அவளை அனுப்ப மாட்டேன்.

கொக்கின் அம்மா


மார்ச் 5, புதன்

கொக்கின் அம்மாவுக்கு,

'அனுப்ப மாட்டேன்' என்ற வரியை நாலு தடவை படித்தேன். ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் நான். பெல்ட் போடாதவரைச் சாவியைத் தொடவே விடுவதில்லை. கொல்லன் தெருவில் ஊசி விற்க வருகிறாய்.

இதை அவள்தான் கேட்டாள். "அப்பா, நான் பாப்பா இல்ல. அந்த சீட்ல முட்டி இடிக்குது" என்றாள். கடைக்காரரும் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவ்ளோ உயரத்துக்கு இதுவே தாராளம் சார்" என்றார். நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிறவளுக்குப் பார்க்கிற பிள்ளையெல்லாம் கை ஒடிந்த பிள்ளையாகத்தான் தெரியும்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் காரோடு வருகிறேன்.

அவள் அப்பா


மார்ச் 6, வியாழன்

கொக்கின் அப்பாவுக்கு,

ஆமாம், மாவுக்கட்டு போடுகிறவள்தான். கட்டுப் போடும்போது பெற்றவர்கள் சொல்வதைத் தினமும் கேட்கிறேன். "பக்கத்துலதான் போனோம்" என்பார்கள்.

வாருங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் வண்டியைக் கிளப்பாதீர்கள். எங்கள் வாசலிலேயே நிறுத்தி, அவளை அந்த சீட்டில் உட்காரவைத்து, அவள் தூங்கும்வரை கூட இருங்கள். பெல்ட் எங்கே போகிறது என்று பாருங்கள். பார்த்த பிறகும் சரி என்று உங்கள் வாயால் சொன்னால், அதற்குமேல் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

கொக்கின் அம்மா


மார்ச் 9, ஞாயிறு

கொக்கின் அம்மாவுக்கு,

நீ ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாய். இருந்தாலும் என் கையால் எழுதவேண்டும்.

ஏறியதும் கால் மணி நேரம் வாய் ஓயாமல் பேசினாள். பிறகு கண் செருகியது. தலை கதவுப் பக்கம் சாய்ந்தது. தோளில் இருந்த பெல்ட் கழுத்துக்கு வந்தது. எடுத்துச் சரிசெய்தேன். மறுபடியும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் முன்னால் சரிந்ததும், மடியில் இருந்த பட்டை வயிற்றுக்கு ஏறிவிட்டது. வண்டி நின்றுகொண்டிருந்தது, என்ஜின்கூட ஓடவில்லை. இதே சீட்டில் மூன்று சனிக்கிழமை அவளை நெடுஞ்சாலையில் கூட்டிப்போயிருக்கிறேன். பெல்ட்டைக் கழற்றி அவளை என் மடியில் போட்டுக்கொண்டேன்.

அவள் விழித்ததும் பஸ் ஏறிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மறுபடி ஆரம்பித்தார். "உயரத்த விடுங்க. அவ எடையப் பாருங்க, தோள அளங்க" என்றேன். முதல் இருக்கையில் அவள் காது அதன் முதுகுக்கு மேலே தெரிந்தது. இரண்டாவதில் தோள் நெருக்கியது. மூன்றாவதில் பட்டைகள் தோளுக்கு மேலிருந்து வந்தன, இன்னும் நாலு விரல் வளரவும் இடம் இருந்தது. "இது பாப்பா சீட்டா?" என்று முறைத்தாள். "ரேஸ் ஓட்றவங்களும் இப்படித்தான் அஞ்சு பட்டை போடுவாங்க" என்றேன். அதன்பிறகு இறங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

இன்று காலை முழங்காலை ஊன்றி அழுத்திக் காரில் பொருத்தினேன். நீயும் ஒரு தடவை இழுத்துப் பார்.

அவள் அப்பா


மார்ச் 12, புதன்

கொக்கின் அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் வந்திருந்தபோது இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. என் காருக்கும் அதையே வாங்கிவிட்டேன்.

ஒன்று சொல்லவேண்டும். அனுப்ப மாட்டேன் என்று எழுதியதில் பாதிதான் பயம். சனிக்கிழமைகளில் அவள் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் பிடிவாதம் பிடித்திருந்தால் அதையே சாக்காக வைத்து முழுசாகவே நிறுத்தியிருப்பேன். ஆனால் நீங்கள் உட்கார்ந்து பார்த்தீர்கள். பார்த்ததை மறைக்காமல் எழுதினீர்கள். நாம் சேர்ந்திருந்த காலத்தில் நம் இரண்டு பேருக்குமே அது வரவில்லை. இனி அதைப் பேசிப் பயனில்லை.

விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். 'மாதம் இரண்டு சனிக்கிழமை' என்று வக்கீல் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'வாராவாரம், சனி ஞாயிறு இரண்டு நாளும்' என்று என் கையால் எழுதியிருக்கிறேன். நீங்களும் கையெழுத்துப் போட்டு வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்து கூட்டிப்போங்கள். பல் துலக்கும் பிரஷ் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கட்டும்.

கொக்கின் அம்மா