மூன்றாம் மாடியில் விட்டு வந்த முறுக்கு

தென்காசி,
சனிக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

ஆனந்தவள்ளி எழுதுவது. இங்கே நான் நலம். மஸ்கட் வெயிலுக்கு உங்கள் உடம்பு தாக்குப்பிடிக்க வேண்டும் என்று காசி விசுவநாதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். லீவு முடிந்து உங்கள் கேம்ப்புக்கே திரும்பும் செந்தில்வேல் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். கூடவே நேந்திரம் சிப்ஸும் இருக்கிறது. அவன் பிரிக்காமல் கொடுத்தானா என்று பாருங்கள், சிப்ஸைச் சொல்கிறேன்.

போன வாரம் நீங்கள் போன் செய்து, கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடட்டுமா என்று கேட்டீர்கள். இங்கே ஸ்பீக்கரில் போட்டிருந்தது. அத்தையும், புளியங்குடியிலிருந்து வந்திருந்த உங்கள் தங்கச்சியும் அவள் மாப்பிள்ளையும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சரி என்றேன். எம் மருமவ விவரமானவ என்று அத்தை சொன்னார்கள். அதோடு பேச்சு முடிந்தது. மறுநாளே அத்தையும் மகளோடு புளியங்குடிக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இப்போது நான் மட்டும்தான். வேலை முடிந்து வந்ததும் விளக்கைப் போடுவதற்கு முன்னாலேயே டிவியைப் போடுகிறேன். பார்ப்பதற்கு இல்லை, யாராவது பேசட்டும் என்றுதான்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவி ரோட்டில் லாட்ஜ் வைத்திருக்கும் நமசிவாயம் அண்ணாச்சி, மூன்றாம் மாடிக்குப் புது வயர் இழுத்திருக்கிறார். கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் டெஸ்ட் செய்து தரச் சொன்னார். நீங்கள் விட்டுப்போன டெஸ்ட் மெஷினை, அந்த மெக்கரைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனேன். உங்களோடு ஐடிஐ-யில் வயர்மேன் படித்தவள், எனக்கு என்ன பயம்.

வயர் எங்கேயும் அறுந்திருக்கிறதா என்று பார்க்க, மேலே கடைசி அறையில் இரண்டு வயரின் முனையையும் சேர்த்து முறுக்கிவிட்டுக் கீழே போர்டுக்கு வந்தேன். கன்டினியூட்டி வைத்ததும் பீப் சத்தம் வந்தது, எங்கேயும் அறுபடவில்லை. அடுத்து, வயரோடு வயர் ஒட்டாமல் இருக்கிறதா என்று பார்க்கும் இன்சுலேஷன் டெஸ்டுக்குப் பட்டனை அமுக்கினால் சைபர். உள்ளே எங்கேயோ வயரும் வயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றேன். அண்ணாச்சி முகம் செத்துவிட்டது. ரூமெல்லாம் புக்கிங் ஆயிட்டு, இப்பம் போயி இப்படிச் சொல்லுதியேம்மா என்றார். சாரல் ஈரம் இறங்கியிருக்கும் என்று நான் வேறு தைரியமாகச் சொன்னேன். ஈரத்தில் அளவு குறையும், புது வயரில் ஒரேயடியாகச் சைபர் ஆகுமா? அந்த அறிவு அப்போது எங்கே போனதோ. வராந்தாவில் ஒவ்வொரு ஜங்ஷன் பாக்ஸாகத் திறந்தேன். அண்ணாச்சி சுவரைக் கொத்த ஆளுக்குச் சொல்லியனுப்பிவிட்டார். நல்லவேளை, அந்த ஆள் வரவில்லை. சாயங்காலம் கடைசி அறைக்குப் போய்ப் பார்த்தால், இரண்டாவது டெஸ்டுக்கு முன்னால் நான் பிரித்திருக்க வேண்டிய முனைகள் முறுக்கினபடியே இருக்கின்றன.

நாம் சேர்ந்து செய்த வேலையில் இந்தக் கூத்து நடந்ததே இல்லை. நான் மேலே நிற்பேன். ஏட்டி, முறுக்கை எடுத்துட்டியா, கையை எடுத்துட்டியா என்று நீங்கள் கீழிருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவீர்கள். நான் எடுத்தாச்சு என்று கத்தின பிறகுதான் பட்டனை அமுக்குவீர்கள். எதற்கு இந்த அலறல் என்று உங்களோடு சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்க ஆள் இல்லை, நானும் எடுக்கவில்லை.

முனைகளைப் பிரித்துவிட்டு வந்து மறுபடி வைத்தேன். அளவு நன்றாக ஏறியது. அண்ணாச்சி சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஏறின கூட்டம் பஸ்ஸில் பாட்டும் கூத்துமாக வந்தது. நான் தென்காசி வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், என்ன தாயி, ஏன் அழுவுத என்று கேட்டாள். பல்வலி என்றேன்.

அன்று போனில் சொன்னது என் மனசு இல்லை அத்தான். நீங்கள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. கையெழுத்துப் போடாதீர்கள். சீசன் முழுக்க இங்கே இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது, இல்லாவிட்டாலும் பார்த்துக்கொள்ளலாம். வேளைக்குச் சாப்பிடுங்கள். குற்றாலநாதர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இது வந்து சேர்வதற்குள் போட்டுவிட்டீர்கள் என்றால், சரிதானே என்று என்னிடம் போனில் கேட்காதீர்கள். கேட்டால் மறுபடியும் சரி என்றுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வள்ளி